வெல்டிங் வைத்த இடம்

வீட்டில் பெரியவன், சின்னவன் என்று கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருவனுக்கு ஐம்பத்தாறு வயது, மற்றவனுக்கு ஐம்பத்து மூன்று. இரண்டு பேர் தலையிலும் கறுப்பு முடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருந்தாலும் பெரியவன், சின்னவன்தான்.

அம்மா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சின்னவன் கொட்டகைப் பூட்டை உடைத்துவிட்டான். உள்ளே அப்பாவின் டிராக்டர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வாய்க்காலில் கவிழ்ந்து, மட்கார்டில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கொன்றதும் அதுதான். கிரேன் வைத்துத் தூக்கி உள்ளே தள்ளிப் பூட்டியதோடு சரி, அம்மா இருந்தவரை அந்தப் பக்கம் யாரையும் அண்ட விடவில்லை. அன்றைக்கு ஓட்டியவன் சின்னவன். "கண்ணு அசந்துட்டேன் போல இருக்கும்மா" என்று ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான். அதோடு அம்மா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டு வைப்பாள், சோறு போடுவாள், வார்த்தை மட்டும் கிடையாது. சாகும்போதும் பேசவில்லை.

"அப்பா வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கணும்ணே" என்றான் சின்னவன். "ஒரு பொட்டு பழைய பெயின்ட் இருக்கக் கூடாது. இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டிடணும்."

"இரும்பு தெரியற வரைக்குமா?" என்றான் பெரியவன்.

கவிழ்வதற்குப் பதினோரு நாள் முன்னால், சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் ஆர்மில் விரிசல் விட்டிருந்தது. புதுசு வாங்கிப் போடச் சொன்னார் அப்பா. வெல்டிங் கடை வைத்திருக்கும் பெரியவனுக்கு ஒரு சாமானுக்காகக் கடை கடையாக அலைவதா என்று சோம்பல். அவசர அவசரமாகப் பற்றவைத்து, கிரைண்டரால் மட்டமாக்கி, பட்டி தடவி, மேலே பெயின்டும் அடித்து, புதுசு என்று புளுகிவிட்டான். அந்த வெல்டிங் விட்டுப்போயிருந்தால் சின்னவன் எப்படித் திருப்பியிருந்தாலும் வண்டி வாய்க்காலுக்குத்தான் போயிருக்கும். அப்பாவைக் கொன்றது தன் சோம்பல்தான் என்று பெரியவன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். போய்ப் பார்க்கத்தான் துணிச்சல் வரவில்லை. வெளியே சொல்ல அதைவிட இல்லை.

"முன்பக்கத்தை நான் பாத்துக்கறேன். நீ பின்னாடி பாரு."

"குனிஞ்சா உனக்கு இடுப்பு பிடிச்சுக்குமேண்ணே?"

"பிடிச்சா பிடிச்சுட்டுப் போகட்டும்."

மூன்று நாள் வேலை நடந்தது. ரிமூவரைத் தடவினால் கொஞ்ச நேரத்தில் பெயின்ட் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பும். தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் துரு பொடிப்பொடியாகக் கொட்டும். பின்பக்கம் பளிச்சென்று இரும்பு தெரிந்தது. பெரியவன் விளக்கு வளையத்தையே நான்காவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஆர்மை ஏண்ணே விட்டுவெச்சிருக்கே? நகரு, நான் சுரண்டறேன்."

"தொடாதே!"

கொட்டகையே அதிர்ந்தது. சின்னவன் மலைத்துப்போய் நின்றான்.

"ரிமூவர் பட்டா... தோல் உரிஞ்சிடும்டா."

"கிளவுஸ் போட்டிருக்கேனே?"

"உப்புத்தாள் தீந்துபோச்சு, போய் வாங்கிட்டு வா."

அவன் தலை மறைந்ததும் பெரியவன் மண்டி போட்டான். வாய்க்கால் சேறு காய்ந்து அப்பிக் கிடந்ததில் வெல்டிங் இருக்கிறதா, விட்டதா என்று தெரியவில்லை. கேஸ் கட்டரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். விட்டுப்போயிருந்தால் ஆர்மையே அறுத்தெறிந்துவிட்டு, துரு தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே சுரண்டினான். பெயின்ட் போயிற்று, பட்டி பெயர்ந்தது, துருவை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தான். வெல்டிங் தெரிந்தது. நகத்தால் நெருடிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. சுத்தியலால் தட்டினான், கணீரென்றது. ஓங்கி அடித்தான். அசையவில்லை.

"உடையலை! ஐயோ, உடையவே இல்லை!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"என்னண்ணே உடையலை?" வாசலில் சின்னவன், கையில் உப்புத்தாள் சுருள்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் சந்தோஷம் தலைக்கேறியவனுக்கு, யாரிடம் சொல்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. விரிசல், சோம்பல், பட்டி, பெயின்ட் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். "என் தப்பு இல்லைடா! அப்பா என்னால சாகலை!"

சொல்லி முடித்த பிறகுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தான்.

சின்னவன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். "அப்ப, இத்தனை வருஷமா உன் வெல்டிங்தான் விட்டுடுச்சுன்னு நெனச்சுட்டு இருந்தே?"

"ஆமாடா."

"அம்மா என் மூஞ்சியப் பாக்காம இருந்தாளே, அப்பவும்?"

பெரியவன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான்.

"நான் தூங்கினேனான்னு எனக்கே நிச்சயமாத் தெரியாதுண்ணே. ஸ்டீயரிங்கைத் திருப்பின மாதிரி ஒரு ஞாபகம் வரும். நாமளே நமக்குச் சொல்லிக்கற சமாதானம்னு அதைத் துரத்திடுவேன். இப்படி ஒரு சந்தேகம் இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டே பொழச்சிருப்பேனே. அம்மாவும் ஒரு நாளாவது பேசியிருப்பா."

பெரியவன் அவன் தோளைத் தொடப் போனான். சின்னவன் விலகி, ஆர்ம் பக்கம் நகர்ந்தான். கிளவுஸைக் கழற்றிவிட்டு, வெல்டிங் வைத்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினான். திரும்ப ஒரு தடவை தடவினான்.

"இது உடைஞ்சிருக்கக் கூடாதாண்ணே?" என்றான்.