குழலின் அடிப்பக்கம்

எனக்குச் சந்தேகப் புத்தி. "சோத்துல உப்பு சரியா இருந்தாலும், யாரு போட்டதுன்னு கேப்பாரு" என்பாள் வீட்டுக்காரி. கேட்டால் என்ன தப்பு? திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிகளின் குழலைப் பார்த்து வயசு சொல்வது என் தொழில். நான் கையெழுத்துப் போட்டால் அருங்காட்சியகத்தில் மறுபேச்சு கிடையாது. முப்பது வருஷத்தில் அந்தக் கையெழுத்து ஒரு தரம்கூடப் பொய்த்ததில்லை. எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அன்று ஒரு பழம்பொருள் வியாபாரி கொடுத்துவிட்டுப் போன குழலை மேசைமேல் இரண்டு கட்டைகளில் கிடத்தினேன். மாப்பிள்ளை விளக்குப் பிடித்தார். என் மகளைக் கட்டியதிலிருந்து பத்து வருஷமாக அவர்தான் பிடிக்கிறார்.

நெருப்பு நுழையும் துளை, வெடிமருந்து அரித்து அகன்றிருந்தது. வாய் விளிம்பு, மருந்து கெட்டிக்கும் கம்பி உரசி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. முறுக்கி அடித்த இரும்பின் வரிகள் துருவுக்கடியில் மங்கலாக ஓடின. இருநூற்றைம்பது வயசு தாராளமாகச் சொல்லலாம்.

அங்கேதான் எனக்கு உதைத்தது. அடேயப்பா, இத்தனை சமத்தாக ஒரு குழலா? பழைய சாமான் என்றால் எங்காவது ஓரிடத்தில் முரண்டு பிடிக்கும். இதுவோ நான் பார்க்கிற இடத்திலெல்லாம் கச்சிதமாகக் கிழடு தட்டியிருந்தது. நான் எங்கெங்கே பார்ப்பேன் என்று வியாபாரிக்கு யார் சொன்னது?

நான் வாய் திறக்கும் முன்பே விளக்கு அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அடிப்பக்கம் காட்டுங்க, மாப்ள," என்றேன். கட்டையில் படியும் பக்கத்தை நான் ஒருநாளும் புரட்டியதில்லை. தோள்வலி ஒரு சாக்கு, உண்மையில் சோம்பேறித்தனம்தான்.

விளக்கு வரவில்லை. "அங்க என்ன மாமா இருக்கப்போவுது?"

"அதத்தான் பாக்கணும்."

நானே புரட்டினேன். மெஷினில் தேய்த்த கோடுகள் நேற்றுப் போட்டதுபோலப் பளபளத்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூடவே இருந்துக்கிட்டு இந்த வேலையா பாத்தீங்க? இதுக்கு முன்னாடி எத்தன?"

அவர் விளக்கை அணைத்து மேசைமேல் வைத்தார். என் சான்றிதழ்களின் நகல்கள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்தார்.

"பதினொண்ணு."

"எதெது?"

"உங்களுக்கே தெரியலையா, மாமா?"