பி.டி. மாஸ்டர் தணிகாசலம் உட்காராமல் போனது

சாரம் பகுதியில் குடியிருக்கும் பி.டி. மாஸ்டர் தணிகாசலம் எட்டு வருடமாக உட்காரவில்லை, படுக்கவில்லை, குனியவும் இல்லை. நாலு பேர் சேர்ந்து அவரைக் கட்டிலில் சாய்த்தாலும், கையை எடுத்ததும் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தானாக எழுந்து நின்றுவிடுகிறார். தூக்கம் சுவரோரம் நின்றபடிதான். மனைவி சுலோசனா சாப்பாட்டை அலமாரித் தட்டில், அவர் மார்பு உயரத்துக்கு வைக்கிறாள். பஸ் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் வருவார், கண்டக்டர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். கக்கூஸுக்கு எப்படிப் போகிறார் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதைச் சுலோசனா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவளைப் போட்டு யாரும் குடையவும் வேண்டாம். ஐயோ பாவம் என்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பாவம் பாருங்கள்.

அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்து கடைசிவரை பென்ஷன் வாங்கியவர். அந்த மிடுக்கு மகனுக்கும் வந்தது, கூடவே தலைக்கனமும். அவர் வேலை பார்த்த தனியார் பள்ளியில் பிள்ளைகள் கூன் போடாமல் நடக்க வேண்டும், பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும், செல்போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றது? பெற்றவர்களுக்கும் ஏக சந்தோஷம். வாரா வாரம் வராந்தா உத்தரத்திலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக அதற்கு முன்னால் திருப்பி நிறுத்துவார். பிடரியிலிருந்து இடுப்புவரை முதுகு அந்த நூலோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத முதுகு ஒன்றே ஒன்றுதான், ஏழாம் வகுப்பு செந்தமிழ்ச்செல்வியின் முதுகு.

செல்வியின் அம்மா நிர்மலாதேவிக்குத் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு இருந்தது இந்த ஒரு பெண்தான். அதுவும் அதிர்ந்து பேசாத பெண். அவளுடைய முதுகெலும்பு நூலை விட்டுப் பக்கவாட்டில் ஒதுங்குவதை முதலில் கண்டுபிடித்தவர் தணிகாசலம்தான், அந்தப் பெருமையை அவருக்கே கொடுத்துவிடலாம். கண்டுபிடித்த மனிதர் அதைத் திமிர் என்று முடிவுகட்டினார். ஆஸ்பத்திரியில் காட்டலாமா என்று நிர்மலாதேவி கேட்டதற்கு, அங்கே போனால் கத்தி வைத்துவிடுவார்கள், என்னிடம் விடு, நிமிர்த்திக் காட்டுகிறேன் என்றார். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். அவர் செல்வியை வெயிலில் சுவரோடு சுவராக நிறுத்தினார். முதுகில் ரீப்பர் கட்டையை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். காலை அசெம்பிளியில் எல்லாருக்கும் முன்னால் அவளைத் திருப்பி நிறுத்தி, முயற்சி பண்ணாத பிள்ளையின் முதுகு இப்படித்தான் இருக்கும் என்று காட்டினார். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. அதற்குள் மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் நிர்மலாதேவி மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர், எலும்பு வளரும் வயதில் சில பிள்ளைகளுக்கு வருகிற வியாதி இது, பிள்ளை மேல் குற்றமில்லை என்றார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பெல்ட் போட்டே பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கலாம், இனி ஆபரேஷன் பண்ணிக் கம்பி வைத்தால் மேற்கொண்டு வளையாது, ஆனால் வளைந்த எலும்பு நுரையீரலை நெருக்கியதில் போன மூச்சு முழுசாகத் திரும்பாது என்றும் சொன்னார். நிர்மலாதேவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பள்ளிக்கு வந்தாள். ஹெட்மாஸ்டர் அறையில் தணிகாசலம் ஒரு வார்த்தை தப்பாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்ல மனசு வர வேண்டுமே.

"நான் சொன்னபடி நின்னிருந்தா இது வந்திருக்காதும்மா. ஒம் பொண்ணு முயற்சியே பண்ணல" என்றார்.

அதுவரை சார் என்று கூப்பிட்ட நிர்மலாதேவி, முதல்முறையாக அவரை நீ என்றாள். "எம் பொண்ணால நிமிர முடியாது. நீ நிமிந்தே கெட. குனியணும்னு தவிப்ப, அப்பத் தெரியும்."

செல்வி பக்கத்திலேயே நின்றாள். மாஸ்டரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள், அவ்வளவுதான். மறுநாள் காலை தணிகாசலத்தால் ஷூ லேஸ் கட்டக் குனிய முடியவில்லை.

அவருடைய எக்ஸ்ரேவில் குறை ஒன்றும் இல்லை. இவ்வளவு அழகான முதுகெலும்பைப் பார்த்ததில்லை என்று டாக்டர்கள் பாராட்டி அனுப்பினார்கள். கொத்தனார் கலியபெருமாள் புதுச்சுவர் எழுப்பும்போது அவரைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தி ஒப்புப் பார்த்தார். பொடிசுகள் அவரோடு நின்று வீடியோ எடுத்துப் போட்டார்கள். சொந்தப் பெண்ணின் கல்யாணத்தில் மணையில் உட்கார முடியாமல், தாரை வார்க்கும் பொறுப்பை மச்சானிடம் விட்டுவிட்டு மண்டபத்து ஓரமாகத் தூணோடு தூணாக நின்றார். நல்லா வேணும் என்று சாரத்தில் பாதிப்பேர் வாய்விட்டே சொன்னார்கள். நிர்மலாதேவியின் வாய்க்குப் பயந்து ரேஷன் கடையில் அவளுக்கு வழிவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்த கையோடு தணிகாசலம் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். அதற்குள் ஆள் ஆடிப்போயிருந்தார், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. காலில் விழ எத்தனித்தார். பாதி சாய்ந்ததும் உடம்பு அவரைத் தூக்கி நிறுத்தியது. மறுபடி விழுந்தார், மறுபடி நின்றார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க முயற்சி பண்ணல சார்" என்று சொல்லிவிட்டு நிர்மலாதேவி கதவைச் சாத்தினாள்.

செல்விக்கு ஆபரேஷன் நடந்தது, கம்பி வைத்தார்கள். படித்து முடித்து இப்போது நோணாங்குப்பம் படகுக் குழாமில் டிக்கெட் கொடுக்கிறாள். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கித்தான் இருக்கிறது. பஸ் ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிறாள். யார் மேலும் அவள் குறை சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. தங்கமான பெண் என்று ஊர் சொல்கிறது.

போன தை மாதம் சுலோசனா வந்து நிர்மலாதேவியிடம் அழுதாள். நின்று நின்று அவர் கால் இரண்டும் வீங்கிக் கருத்துவிட்டன, ஒரே ஒரு ராத்திரி படுத்துத் தூங்கினால் போதும் என்கிறார் என்றாள். கேட்டதும் நிர்மலாதேவிக்கு மனசு இளகிப்போயிற்று. எத்தனை வருடம்தான் ஒருத்தி வயிற்றெரிச்சலைச் சுமப்பாள்? உடனே கூடவே போய், அந்தக் கால்களைப் பார்த்து, "போதும் சார், ஒக்காருங்க" என்றாள். தணிகாசலம் முட்டியை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. அவர் தலைமேல் கைவைத்துச் சொன்னாள், பெற்ற பெண் மேல் ஆணையிட்டும் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது செல்வி வேலையிலிருந்து வந்து, இடுப்புக்குத் தலையணை கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் மனசாரச் சொல்லியும் அந்த மனுஷன் உடம்பு வளையமாட்டேன் என்கிறதே, ஏன் என்றே புரியவில்லை என்று நிர்மலாதேவி புலம்பினாள்.

செல்வி செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் இன்னும் சொல்லலம்மா" என்றாள்.

நிர்மலாதேவி மகளின் இடுப்புத் தலையணையைச் சரிசெய்தாள். பிறகு, அவசரமில்லை, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல் என்றுவிட்டு, தோசை வார்க்கப் போனாள். இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. தணிகாசலத்தின் கட்டில் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி, சுலோசனா அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.