சிவப்பு அட்டைக் கூண்டுகள்

லட்சுமணன் எனக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். சீட்டை ஏலத்தில் எடுத்துவிட்டு நாலு தவணையோடு நிறுத்திவிட்டான். ஜாமீன் நின்ற பாவத்துக்கு மீதியை என் சம்பளத்திலிருந்து கட்டினேன்.

இருவருக்கும் பட்டான்செரு பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எலிக் கூண்டு கழுவும் வேலை. எலிகளைக் கொல்வதும் நாங்கள்தான். கழுத்தில் பென்சிலை அழுத்தி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. ஒரு காலையில் நாற்பது கழுத்து. பிறகு ஆராய்ச்சி செய்யும் ஹர்ஷிதா மேடம் வயிற்றைக் கிழிப்பார். எல்லா எலிக்கும் கணையத்தில் புற்றுநோய் செல் ஏற்றியதுதான். சிவப்பு அட்டை மாட்டிய கூண்டில் கட்டி புளியங்கொட்டை அளவு. நீல அட்டையில் அரிசி அளவு. செல்லின் மேல் 'வளரு' என்கிற சேதியை வாங்கும் ஏற்பி ஒன்று இருக்கிறதாம். அதை உண்டாக்கும் மரபணுவை நீல அட்டைக்காரர்களுக்கு ஏற்றிய செல்களில் முன்பே வெட்டிவிட்டார்களாம்.

லட்சுமணன் இரண்டு மாதமாக வயிற்றுவலி என்று லீவு போட்டான். கடனுக்குப் பயந்து ஒளிகிறான் என்று நினைத்தேன். சம்பள நாளன்று ஷேர் ஆட்டோவில் ஏறப் போனவனை இழுத்துச் சுவரில் சாத்தி, வயிற்றிலேயே நாலு குத்து விட்டேன். சுருண்டு விழுந்து வாந்தி எடுத்தான். வெயிலில் அப்போதுதான் பார்த்தேன், கண் இரண்டும் மஞ்சள்.

ஆஸ்பத்திரியில் கணையப் புற்றுநோய் என்றார்கள். அவன் மனைவி ஷோபா வார்டு வாசலில் செருப்பால் என் முகத்தில் அடித்தாள்.

"நீ குத்தித்தான்டா வந்துச்சு."

நானும் அப்படித்தான் நம்பினேன். மறுநாள் ஓர் எலியை இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. மேடத்திடம் கேட்டேன். குத்தினால் வருவதில்லை, எப்போதோ உள்ளே வளர ஆரம்பித்திருக்கும் என்றார். ஆறுதல் கதவு வரைக்கும்தான் வந்தது. அப்படியானால் நோயாளியை அல்லவா அடித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே வார்டுக்குப் போனேன். லட்சுமணன் எலும்பாகக் கிடந்தான்.

"அண்ணே, நான் எந்த அட்டை?"

போர்வையை அவன் காலுக்கு இழுத்துவிட்டேன்.

"மேடத்துக்கிட்ட சொல்லி நீலமா மாத்தேன்."

"அது இப்போதைக்கு எலிக்கு மட்டும்தாண்டா."

"அப்ப சிவப்பு." கையை ஓங்கி என் வயிற்றில் குத்தினான். வலிக்கவே இல்லை. "ஒண்ணு" என்றான். கை தானாகக் கீழே விழுந்தது.

அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். அவன் முஷ்டியை என் தொப்புளுக்கு மேலே என் முழுப் பலத்தோடு மூன்று முறை இறக்கினேன். மூன்றாவதில் மூச்சு நின்று கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். கட்டில் ஓரத்தில் நின்ற ஷோபா தடுக்கவில்லை.

"நாலு" என்றான் லட்சுமணன். "அப்ப காசு?"

"நக்கோ" என்றேன். "வேணாம்டா, முடிஞ்சுபோச்சு."