பொங்கல் கணக்கு

மணலில் ஒரு வட்டம், நடுவே முளைக்குச்சி, முளையில் கயிறில்லை, சுற்றிவரக் குதிரையுமில்லை, ஆனாலும் நான் பார்க்கப் பார்க்க வட்டம் ஆழமாகிறது, மணல் உள்பக்கமாகச் சரிகிறது, வற்றிய ஆற்றின் சாம்பல் வெளிச்சத்தில் குளம்புச் சத்தம் மட்டும் என்னைச் சுற்றி வருகிறது, இது கனவு என்று தெரியும், கால்நடைக் கல்லூரி விடுதிக் கட்டிலில் படுத்திருந்தபோதும் இதே கனவுதான், சுற்றி வருவது சிட்டு, ரேக்ளா பந்தயத்துக்கென்று அப்பா வளர்க்கும் பெண்குட்டி, பால் மறந்ததுமே அதை இந்த முளையில் கட்டிச் சுற்றவிட்டார், கயிற்றைப் பிடித்து அதன் இடப்பக்கமே வெறுங்காலோடு நடந்தவள் என் தங்கை பவுனு, இடது சுண்டுவிரல் பிறவியிலேயே மேலேறிக் கிடக்கும் அவளுக்கு, மணலில் நாலு விரல்தான் பதியும், கோழி நடந்த மாதிரி இருக்குடி என்று நான் கேலி செய்வேன், கோழிக்கு முன்னால மூணுதான், நீ என்னத்தப் படிச்ச என்பாள்.

எங்கள் லாயத்தில் வயது பொங்கலுக்குத்தான் ஏறும், குளிப்பாட்டி மாலை போட்டால் ஒரு வயது, சிட்டு பிறந்தது மார்கழிக் கடைசியில், ஈரம் காய்வதற்குள் ஒரு வயதாகிவிட்டது, இப்போது சித்திரைத் திருவிழாப் பந்தயத்துக்கு மூன்று வயதுக் குதிரை என்று பேர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார் அப்பா, அதுக்கு ரெண்டேகால்தான்ப்பா ஆகுது என்றேன், மூணு பொங்கலு பாத்திருச்சுத்தா, நீ படிச்ச காலேசுல வேணா வேற பொங்கல் வரும் என்றார். பேர் சொன்னால் திரும்பட்டும், காலைத் தூக்கச் சொன்னால் தூக்கட்டும், கடிவாளம் வாயில் கிடந்து பழகட்டும், வண்டிச் சத்தத்துக்கு மிரளாமல் நிற்கட்டும், இந்த வயதுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம், வட்டமும் பாரமும் வேண்டவே வேண்டாம், முட்டிக்கு மேல எலும்பு இன்னும் கூடல, தொட்டுப் பாருங்க, சுடுது, என்றேன், ஓடுற காலு சுடத்தான் செய்யும் என்றார், பீடியைப் பற்றவைத்தார், பேச்சு முடிந்தது, எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் முடியும்.

பவுனுக்கும் இப்படித்தான் முடிந்தது, இரண்டு வயது கூட்டிச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் தள்ளியவர், சொன்ன வயதுக்குப் பதினெட்டு ஆனதும் தை மாதம் தாலி கட்டவைத்தார், மறு மார்கழியில் பிரசவ வார்டின் வாசலில் டாக்டரம்மா கேட்கிறாள், இடுப்பெலும்பு விரியவேயில்லையே, என்ன வயசு இந்தப் பிள்ளைக்கு, நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொல்கிறார், பத்தொம்பதும்மா, அந்தக் குரலில் ஒரு நடுக்கமில்லை, அவர் அதை நம்பினார், அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை, தாயும் போனாள் பிள்ளையும் போனது.

இன்று விடியலில் வண்டியை ஆற்றுக்குள் இறக்கினார், முதல்முறையாகச் சிட்டைப் பூட்ட, நீ தள்ளி நில்லுத்தா என்றார், நான் குறுக்கே நின்றேன், எங்கள் இருவருக்கும் நடுவே சிட்டு கயிற்றை உருவிக்கொண்டு வட்டத்துக்குள் போனது, ஓடவில்லை, நடந்தது, கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, யாரோ காதுக்குள் பேசுவதைக் கேட்பதுபோல் நடந்தது, சுற்றியது, எங்கள் எதிரிலேயே நின்றது, அது வந்த வழியெங்கும் குளம்படிக்கு இடப்பக்கம் ஈரமான பாதச்சுவடுகள், ஆற்றில் சொட்டுத் தண்ணீரில்லை, சுவடு ஈரமாயிருந்தது, நாலு விரல். காத்துப்பா, காத்து கோடு போட்டிருக்கும் என்றேன், படித்தவள் நான்தான் அப்படிச் சொன்னேன், அப்பா குந்தி உட்கார்ந்து தோள்துண்டை எடுத்து ஒரு சுவட்டின்மேல் போர்த்தினார், காற்றில் கலையாமல் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார், வண்டியத் தள்ளிட்டுப் போயிருத்தா, என்றார். அப்ப பந்தயம் என்றேன். வேணாம்னு சொல்லிவிட்டுட்டேன்னு வச்சுக்க, மார்கழி வரட்டும், பெறந்த நாளக் கணக்கு வச்சு மூணு முடியட்டும், பெறகு நீயே காலத் தொட்டுப் பாத்துச் சொல்லு. பவுனுக்கு எந்தக் கணக்குப்பா, என்று கேட்டேன், கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை, அவர் துண்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் முளையைப் பிடுங்கினேன், கைக்குள் சுட்டது, சிட்டின் முட்டியைப்போல, சிட்டு என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது, வட்டத்தைப் பார்த்தேன், அது ஓரிடத்தில் உடைந்திருந்தது, அங்கிருந்து நாலு விரல் பாதங்கள் தனியாக அக்கரை நோக்கிப் போயிருந்தன, பக்கத்தில் ஒரு கயிறு இழுபட்ட தடம், சிட்டு காதை விடைத்து அந்தத் திசையையே பார்த்தது, கனவில் கேட்ட குளம்புச் சத்தம் இப்போது என்னைச் சுற்றி வரவில்லை, நேராக, தூரமாக, போய்க்கொண்டேயிருந்தது.