மடுவத்துத் தராசில் ஒரு கார்

“இன்னொரு தரம் பாருங்கய்யா. பின்னால வலது பக்கம் கூடவா இருக்கு?”

“நூத்தி முப்பத்திரெண்டு. எத்தன தரம் பாத்தாலும் நூத்தி முப்பத்திரெண்டுதான். தராசு பொய் சொல்லாது, நிரஞ்சன்.”

“இடது பக்கம்?”

“நூத்தி இருபத்தெட்டு. நாலு கிலோவுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடாத. எனக்கே ரெண்டு காலும் ஒரே அளவு இல்ல.”

அன்று ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பு இல்லை. மற்ற நாட்களில் பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தகரக் கூரையின் கீழ், ஒரு சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. அதன் ஒரு சக்கரம் தராசுப் பலகையின் மேல் இருந்தது. மற்ற மூன்றும், தராசின் உயரத்துக்கு அடுக்கிய மரத்துண்டுகளின் மேல். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எண்களை வாசித்தவர் கண்டாக்கு யோகேஸ்வரன். மலையில் வேலையையும் மடுவத்தில் நிறுவையையும் பார்ப்பவர். எண்களை எழுதிக்கொண்ட நிரஞ்சன், தலவாக்கலையில் போன் திருத்தும் கடையில் வேலை செய்பவன். காரின் சொந்தக்காரன். கார் அவனைவிட ஐந்து வயது மூத்தது.

ஒரு காலத்தில் அது வேகமான கார். மூன்று கதவு, சின்ன உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கோபம். நிரஞ்சன் வாங்கியபோது கோபம் மட்டும் மீதி இருந்தது. வளைவில் திருப்பினால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. லிந்துலை ரோட்டில் யோசிப்பதற்கு இடம் கிடையாது.

ஆகவே இருக்கிற காசுக்குள் அதைத் திருத்தினான். அவனுக்கு வழிகாட்டியவர் பின்லாந்துக்காரர் ஒருவர். உறைந்த ஏரியின் கரையில் நின்று பழைய கார்களைப் பற்றி வீடியோ போடுவார். அவர் பேசுவது நிரஞ்சனுக்கு விளங்காது. ஆனால் அவர் கார் வளைவில் போகும் விதம் விளங்கியது. திரையில் பனி பெய்யும்போது, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் மூடுபனி நிற்கும். இரண்டும் ஒரே நாடுதான் என்று அவனுக்குச் சில நேரம் தோன்றும்.

நண்பன் துஷாந்த், திரீவீலர் மெக்கானிக், நான்கு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்றை அறுத்தான். கார் தாழ்ந்தது. வளைவில் சாய்வது குறைந்தது. கூடவே தோட்டத்து ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் காரின் வயிற்றைத் தடவத் தொடங்கியது. அதனால் தொழிற்சாலை வளைவு வந்ததும் எல்லாரும் இறங்கி நடப்பார்கள், கார் பின்னால் காலியாக வரும். காரில் போகிறோம் என்றால் பாதி வழி நடக்கிறோம் என்று லயத்தில் அர்த்தமாயிற்று.

தேய்ந்த ரப்பர் புஷ்களுக்குப் பதிலாக, தொழிற்சாலை எறிந்த, கொழுந்து ஓடும் பெல்ட்டை வட்டமாக வெட்டிப் போட்டார்கள். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க, தேயிலைக் கன்று நடும்போது வரிசை பிடிக்கிற கயிற்றை முளையடித்துக் காரின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். பிறகு எடையைக் குறைத்தார்கள். பின் சீட், ஸ்பெயார் சக்கரம், கார்ப்பெட் எல்லாம் போயின. பின் சீட் லயத்தின் அடுத்த அறையில், அடுத்த காம்பிராவில் இருக்கும் சித்தி அழகம்மாவின் வாசலுக்குப் போய் சோபாவாயிற்று.

மிஞ்சியது ஒன்றுதான். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று தெரிந்தால், எந்த மூலையை உயர்த்துவது, எதைத் தாழ்த்துவது என்று முடிவு செய்யலாம். அதற்குப் பின்லாந்துக்காரரிடம் நான்கு மின்தராசுகள் இருந்தன. நிரஞ்சனிடம் மடுவம் இருந்தது.

“முன்னால எரநூத்தி முப்பத்தாறு, எரநூத்தி இருவத்திநாலு,” என்று துஷாந்த் போன் கல்குலேட்டரில் கூட்டினான். “எல்லாம் சேத்து எழுநூத்தி இருவது, மச்சான்.”

நிரஞ்சன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மலையேற்றப் பந்தயம். கார் எழுநூற்றைம்பது கிலோவுக்குக் கீழே என்றால் சின்னப் பிரிவு. அதில் அவனைப் போன்றவர்கள் ஓடுவார்கள். மேலே என்றால், காரை லொறியில் ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து வருகிறவர்களின் பிரிவு. மூன்று வருடமாக அந்தப் பிரிவில் ஓடி மூன்று வருடமும் கடைசியாக வந்திருந்தான். கடைசியாக வருகிறவனுக்கும் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். மூன்றும் அம்மாவின் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருந்தன.

“நானும் ஏறவாய்யா?” என்று துஷாந்த் தராசில் ஏறி நின்றான்.

“அறுவது,” என்றார் கண்டாக்கு.

“பாத்தியா மச்சான்? காரோட சேந்து நானும் எளச்சிட்டேன்.”

பந்தயப் படிவத்தில், தராசு உள்ள நிறுவனம் ஒன்று எடையை உறுதிப்படுத்த வேண்டும் என்று இருந்தது. கண்டாக்கு ஒப்பிஸுக்குப் போய்த் தோட்டத்து முத்திரையை எடுத்து வந்தார். கையெழுத்திட்டார். அத்தோடு நிற்க மனம் வராமல், “மிகத் துல்லியமான தராசில், எனது முன்னிலையில் நிறுக்கப்பட்டது” என்று தன் அழகான எழுத்தில் சேர்த்தார். பின் கண்ணாடியில் தன் பெயரையும் ஒட்ட வேண்டும் என்று கேட்டார். முழுப் பெயர், பதவியோடு. நிரஞ்சன் சம்மதித்தான்.

பின்னேரம் அந்தத் தாள் லயத்துக்கு வந்தது. அழகம்மா சோபாவில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிரஞ்சன் முத்திரையைக் காட்டினான். ஒவ்வொரு சக்கரமாக வாசித்தான்.

“கழட்டுறதுக்கு முன்னாடி எத்தன கிலோ இருந்திச்சி?” என்றாள் அழகம்மா.

“எண்ணூத்தி முப்பது, சித்தி. கார் புத்தகத்துல போட்டிருக்கு.”

“கழட்டுனது எத்தன?”

“இந்த சீட்டு, சக்கரம், மத்தது எல்லாம் முப்பத்தெட்டு. டவுன்ல பழைய சாமான் கடையில நிறுத்துப் பாத்துட்டு, விக்காமக் கொண்டாந்தோமே.”

அழகம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கணக்குப் போட்டாள். இருபத்தாறு வருடம் தன் கொழுந்தைத் தானே மனதில் நிறுத்துப் பழகியவள்.

“அப்ப எழுநூத்தித் தொண்ணூத்திரெண்டு இருக்கணும். மிச்சம் எழுபத்திரெண்டு கிலோ எங்க போச்சி?”

நிரஞ்சனுக்கு அந்தக் கழித்தல் அதுவரை தோன்றவே இல்லை. “பெட்ரோல் கொறவா இருந்திச்சி சித்தி.”

“எழுபத்திரெண்டு கிலோ பெட்ரோலா? அம்புட்டுக் காசு ஒன்கிட்ட ஏது?”

“துருவா இருக்கும்,” என்றான் துஷாந்த். “கீழ்த் தகடெல்லாம் உதிந்துபோச்சி சித்தி. முப்பது வருசத்துத் துரு.”

“அப்ப, எளச்சிட்டேன்னு சொல்லிக்கிட்டு வந்தியே, ஒன்னையும் துருதான் தின்னுச்சா? மடுவத்துல எத்தன கிலோ இருந்த?”

“அறுவது.”

“வெள்ளிக்கிழம கிளினிக்குக்குப் போயிருந்தியே. அங்க எத்தன?”

துஷாந்த் சட்டைப் பையிலிருந்து கிளினிக் துண்டை எடுத்தான். வாசித்தான். மறுபடி வாசித்தான். “அறுபத்தாறு.”

அழகம்மா கத்தியை வைத்தாள். “அறுபத்தாறுக்கு ஆறு. எழுநூத்தித் தொண்ணூத்திரெண்டுக்கு எழுபத்திரெண்டு. பதினொண்ணுக்கு ஒண்ணு தராசு எடுக்குது.”

அடுத்த காம்பிராக்களிலிருந்து லெட்சுமியும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து நின்றார்கள். அவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டி இருக்கவில்லை. இருபது கிலோ எடுத்தால் முழுப் பேர், அன்றைக்கு முழுச் சம்பளம். அதற்கு ஒரு கிலோ குறைந்தாலும் அரைப் பேர். போன மாதம் அழகம்மாவுக்கு ஒன்பது நாள் பத்தொன்பது விழுந்தது. சாக்குக்கும் மழைத் தண்ணிக்கும் கழிப்பது வேறு கணக்கு. தராசு தின்கிறது என்று அவர்கள் சொல்லாத நாள் இல்லை. கண்டாக்கும் பதில் சொல்லாத நாள் இல்லை. கொழுந்து மலையிலிருந்து மடுவத்துக்கு வருவதற்குள் காய்ந்து எடை குறையும் என்பார், பாவமாக. அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அவர் வேலைக்கு வரும்போதே தராசு அப்படித்தான் இருந்தது. ஒரு பொய் நீண்ட காலம் ஒரே இடத்தில் கிடந்தால் அது அந்த இடத்தின் மேசை நாற்காலிபோல ஆகிவிடுகிறது. இல்லாவிட்டால் யாராவது தன் கையால் அதன் மேல் காரை ஏற்றிவைத்து, “மிகத் துல்லியம்” என்று எழுதிக் கொடுப்பார்களா?

“கொழுந்து காயும்,” என்றாள் லெட்சுமி. “இரும்பும் காயுமான்னு அவரக் கேளுங்க.”

“சித்தி,” என்றான் நிரஞ்சன். குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது. “செவ்வாக்கிழம இந்தத் தாள அனுப்பணும். எழுநூத்தி இருவதுன்னாத்தான் சின்னப் பிரிவு. நெசமான எடையப் போட்டா மறுபடியும் கொழும்புக்காரங்களோட ஓடணும்.”

“தெரியுது.”

“கண்டாக்கையா மொகத்த அதுக்கப்புறம் எப்பிடிப் பாக்குறது? கார நிப்பாட்ட எடம் குடுத்தவரு.”

“நாங்க தெனம் பாக்குறோம்ல.”

துஷாந்த் கிளினிக் துண்டை மடித்து, விரித்து, மறுபடி மடித்தான். “மச்சான், எளச்சிட்டேன்னு வீட்டுல சொல்லிட்டேன்,” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

நிரஞ்சன் காரைப் பார்த்தான். லயத்து மேட்டுக்கு ஏற முடியாமல், நூறடி கீழே ரோட்டோரம் நின்றது. நனைந்த சிவப்பு. மூன்று வருடமாக ஒவ்வொரு மூலையாக, ஒவ்வொரு துண்டாக அதைச் சரிசெய்து, இன்று மத்தியானம்தான் அது முழுதாகச் சரியாகியிருந்தது. அப்படித்தான் தாள் சொன்னது. தாளில் முத்திரை இருந்தது.

அழகம்மா எழுந்தாள். பீன்ஸ் தட்டைக் கீழே வைத்தாள். சோபாவின் ஒரு முனையைப் பிடிக்க, லெட்சுமி மறு முனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அதைத் தூக்கிக் கொண்டுவந்து நிரஞ்சனின் காலடியில் வைத்தார்கள். மாட்டியிருந்த பூத்துணியை அழகம்மா உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இத மாட்டு. சக்கரம், கார்ப்பெட்டு எல்லாத்தையும் மாட்டு. புத்தகத்துல உள்ள எடையே இருக்கட்டும், அப்பத்தான் கழட்டுனதால கொறஞ்சிச்சின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. புத்தகத்தையும் அந்தத் தாளையும் கையில வச்சிக்க. நாளைக்குப் பத்து மணி நிறுவைக்கு எல்லாரும் வரிசையில நிப்போம். எங்களோட சேத்துக் காரையும் வரிசையில கொண்டாந்து நிப்பாட்டுறியா, தம்பி?”