அடியில் படிந்த மாத்திரை

எங்கள் தொழிலில் மேல்பாதி என் கணவருடையது, கீழ்பாதி என்னுடையது. கூரையும் சுவரின் உச்சியும் அவர் அடிப்பார். கதவு, ஜன்னல், தரையை ஒட்டிய பட்டை எல்லாம் நான். பெயிண்ட் அடிக்கும் புருஷன் பெண்டாட்டி என்றால் ஊரில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். அவர் குரலும் தெரியும். டின்னைத் திறக்கும் ஆளை, அடிவரைக்கும் கலக்கு என்று அவர் அதட்டுவது தெருக்கோடிவரை கேட்கும்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒருநாள் காலையில் சட்டை போடக் கை எழும்பவில்லை. இரண்டு தோளும் இடுப்பும் பூட்டுப் போட்டது போல இறுகிவிட்டன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மா வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, தசைகளைச் சுற்றி அழற்சி என்று விளக்கி, ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில நாளிலேயே ஆள் துள்ளி எழுந்துவிட்டார். அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிலை வைக்கும் ஆசை ஒரு வருஷத்தில் போய்விட்டது. முகம் பூசணி மாதிரி உப்பியது, தூக்கம் கெட்டது, பசி அடங்கவில்லை. எலும்பைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, எலும்பு மெலிய ஆரம்பித்துவிட்டது, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். உடனே நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்டார் இவர். எதிலும் அவசரம்.

"உங்க உடம்பே இந்த மாதிரி ஒண்ணைச் சுரக்குது. வெளியில இருந்து கிடைக்குதேன்னு அது தூங்கிடுச்சு. மெதுவா எழுப்பணும். உலுக்கி எழுப்பினா ஆபத்து."

குறைக்கும்போதெல்லாம் சில நாள் உடம்பு முழுக்க வலிக்கும். அதற்கும் வழி சொல்லிக் கொடுத்தார்கள். காலையில் தோளில் வெந்நீர். பிறகு சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே மேலே நகர்த்துவது. வலி மிஞ்சினால் அவர்கள் எழுதித் தந்த வலி மாத்திரை. எல்லாவற்றையும்விட முக்கியம், வலி வந்த பிறகு உட்காராமல், வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவது. இந்தக் கடைசி விஷயம்தான் இவருக்கு வேப்பங்காய். நன்றாக இருக்கும்போது உட்காருவதற்கு நான் என்ன அதிகாரியா என்பார். நாற்காலியைக் கொண்டுபோய்ப் பின்னால் போட்டுவிட்டு நான் அசையாமல் நிற்பேன்.

இப்படியே மாத்திரை அளவில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டோம். அப்போதுதான் நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை வந்தது. அகலமான கூரை. அதில் கை நடுவில் நின்றால் காய்ந்த ஓரம் கோடாகத் தெரிந்துவிடும். அந்தக் கூரையைப் பார்த்ததும் இவர் கண்ணில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. மாத்திரை நின்றதும் அடிக்கிறேன் என்று நூலகரிடம் வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த கையோடு எல்லாம் தலைகீழானது. ஒருநாள் எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பார். இன்னொரு நாள் முகம் சிவந்து, தூங்காமல், வீட்டை அளந்துகொண்டிருப்பார். நோய் திரும்பிவிட்டது என்று அவராகவே தீர்ப்பு எழுதிவிட்டார். கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு இது சரிப்பட்டு வராது. பழைய அளவுக்கே போயிடறேன். எலும்பு போனா போகட்டும். கூரையை வேற யாருக்காவது குடுத்துடு."

 முதலில் டாக்டரைப் பார்ப்போம், எலும்பை அப்புறம் தானம் பண்ணலாம் என்று சொல்லிவிட்டு, மருந்துகளையெல்லாம் பைக்குள் எடுத்து வைத்தேன். அலமாரியில் ஒரு தண்ணீர்ப் புட்டி இருந்தது. காலையில் அதிலிருந்து மூடியளவு ஊற்றிக் குடிப்பார். ஏதோ சத்து மருந்து என்று நினைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெள்ளையாக ஒரு படிவு.

இது என்ன என்று கேட்டதும் படுத்திருந்தவர் உற்சாகமாக எழுந்து உட்கார்ந்தார். அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பாம். மாத்திரையை எவ்வளவு சின்னதாக உடைத்தாலும் குறைப்பது ஒரு படி மாதிரி இடிக்கிறது. அதனால் எல்லாவற்றையும் பொடித்துத் தண்ணீரில் போட்டு, தினம் குடித்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டால், தடித்த பெயிண்டை இளக்குவது போல மெல்ல மெல்ல மெலிந்துகொண்டே போகும், உடம்புக்குத் தெரியவே தெரியாது என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

"ஊர்ல இருக்கறவனையெல்லாம் அடிவரைக்கும் கலக்குன்னு கத்துவீங்களே. இதைக் கலக்குனீங்களா?"

புட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் புட்டியைப் பார்த்தார்.

"கலக்கலை," என்றார்.

புட்டியைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்கும் ஒரு நொடி சிரிப்பில் உதடு துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை. சில நாள் வெறும் தண்ணீர், புட்டி குலுங்கிய நாள் ஒரேயடியாக மருந்து என்று போயிருக்கிறது, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும், இனி வீட்டில் எந்த ஆராய்ச்சியும் கூடாது என்று கண்டித்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது காகிதத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார்.

"நோய் திரும்பலை. நீங்க தோத்துப் போகலை. அளவு ஏறி இறங்குனதாலதான் உடம்பு படுத்துச்சு."

வெளியே வந்து மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஒரு மூச்சு அழுதார். நானும்தான். போவோர் வருவோர் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு படி மேலே ஏறி, நிலையாக நின்று, மறுபடி இறங்கினோம். இந்தத் தடவை அளவில் சிறிய மாத்திரைகளாகவே எழுதிக் கொடுத்தார், இடைவெளியும் கூடியது. ஒவ்வொரு இறக்கத்திலும் வலி வந்து கதவைத் தட்டியது. வெந்நீர், சுவரில் நண்டு, முன்கூட்டியே நாற்காலி என்று வரவேற்றோம். தங்க வசதியில்லை என்று தெரிந்துகொண்டு அதுவும் கிளம்பிப் போகும். உப்பிய முகத்துக்குள்ளிருந்து நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட தாடை எலும்பு வெளியே வந்தது. கடைசி மாத்திரையும் நின்றது. உடம்பு தானாகவே சுரக்க ஆரம்பித்துவிட்டது என்று பரிசோதனை சொன்னது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ராணி மாதிரி நடந்து வந்தேன்.

கூரைக்கு டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். ஏணி கூடாது, கம்பித் தடுப்பு போட்ட சக்கர மேடையில்தான் நிற்க வேண்டும், இடையிடையே ஓய்வு எடுக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. காயும் கூரையில் எப்படி ஓய்வு எடுப்பது என்று இவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு கூரையைக் குறுக்கே வெட்டும் உத்தரங்களைக் கண்டுகொண்டார். ஓர் உத்தரத்திலிருந்து அடுத்த உத்தரம்வரை அடித்துவிட்டு உட்கார்ந்தால் ஓரம் உத்தரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். வலிக்கு முன்பே உட்காருவது இப்போது இவரே கண்டுபிடித்த தொழில் நுணுக்கமாகிவிட்டது. நான் நாற்காலியைத் துடைத்து எடுத்து வைத்தேன்.

காலையில் ஆரம்பித்தார்கள், அவரும் துணைக்கு வந்த என் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில். ரோலர் தலைக்கு மேலே போனது, வந்தது. அவர் கை எங்கேயும் தயங்கவில்லை. உத்தரம், நாற்காலி, உத்தரம், நாற்காலி. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்தபோது கூரை முழுவதும் ஒரே வெள்ளை. நூலகர் கைதட்டினார். என் கணவர் மேடையிலிருந்து இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்த நடு விளக்குக்குப் பக்கத்துல ஒரு இடம் விட்டுட்டீங்க. ஏறுங்க."

தம்பி என்னை முறைத்தான். அத்தான் களைத்துப் போயிருக்கிறார், நான் அடிக்கிறேன் என்று ரோலரை எடுத்தான். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நோய் வந்த நாளிலிருந்து இவருடைய வேலையில் நான் ஒரு குறைகூடச் சொன்னதில்லை. சின்னச் சின்ன வேலைகளில் அவர் விட்ட இடங்களை, அவர் போன பிறகு நானே பூசியிருக்கிறேன்.

அவர் என் தம்பி கையிலிருந்து ரோலரை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ பூசுனது எல்லாம் எனக்குத் தெரியும். தோள்வலியைக்கூடத் தாங்கிட்டேன், நீ என் வேலையைத் திட்டாம இருந்ததைத்தான் தாங்க முடியலை."

மேடையில் ஏறினார். கை நேராக மேலே போனது. அந்த இடத்தை நிதானமாக நிரப்பிவிட்டு, கம்பியைப் பிடித்துக் குனிந்து, இன்னும் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார்.

கூரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, கொஞ்சமும் இரக்கம் இல்லாமல் பார்த்தேன். இன்னொன்று இருந்தது. சத்தமாகவே சொன்னேன்.