சித்திரக்குளத்துக் கெளுத்தி

வேலுவின் மேல் ஜெயலக்ஷ்மிக்குச் சந்தேகம் விழுந்தது ஒரு மீனின் வாலைப் பார்த்துத்தான்.

மயிலாப்பூர் சித்திரக்குளத்தில் காலையில் பிடித்தேன் என்று வேலு கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி அது. அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தின் தொட்டியில் மீசையை ஆட்டிக்கொண்டு சாவகாசமாகக் கிடந்தது. வால் ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் வெளுத்திருந்தது. யாரோ கத்தரித்து, அந்த இடம் திரும்ப வளர்ந்திருக்கிறது. குளத்து மீனுக்கு யார் வாலைக் கத்தரிப்பார்கள்? டி.என்.ஏ. எடுப்பதற்காக மீன் வாலைத் துணுக்குத் துணுக்காக நறுக்குகிறவள் இந்த ஊரிலேயே ஜெயலக்ஷ்மி ஒருத்திதான்.

அவளுடைய ஆராய்ச்சியே இந்தக் கெளுத்திதான். நம் ஊர் மீன் இல்லை. யாரோ கள்ளத்தனமாகக் கொண்டுவந்து பண்ணைகளில் வளர்க்க, அது எப்படியோ தப்பி ஊர்க் குளங்களுக்குள் புகுந்து, ஏற்கெனவே இருந்த மீன்களை எல்லாம் தின்றுகொண்டிருந்தது. எந்தப் பண்ணையிலிருந்து எந்தக் குளத்துக்கு வந்தது, எல்லாம் ஒரே குடும்பமா, புது இடத்துக்குத் தக்கபடி மாறி வருகிறதா என்பதையெல்லாம் டி.என்.ஏ.வை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். தொண்ணூற்றாறு ஜூனில் கொட்டித் தீர்த்த மழையில் கோயில் குளங்கள் நிரம்பியிருந்ததால், அவள் கேட்ட குளத்தில் எல்லாம் வலை வீச முடிந்தது.

வலை வீசுகிறவன் வேலு. அடையாற்றங்கரைக் குடிசையில் இருப்பவன். புரொபசர் கோதண்டபாணி அவனைத் தினக்கூலிக்கு எடுத்து, கை சுத்தமான ஆள் என்று நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துக்கும் எழுதியிருந்தார். அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பண்ணையிலிருந்து உயிரோடு வரும் கெளுத்திகளை வாலைக் கத்தரித்த பிறகு கொன்றுவிட வேண்டும். வெளியே விடவே கூடாது. ஜெயலக்ஷ்மி மயிலாப்பூரில் வெங்காயம் நறுக்கக்கூட நாள் பார்க்கிற வீட்டுப் பெண். வாலைக் கத்தரிக்கப் பழகிவிட்டாள். உயிர் போவதை மட்டும் அவளால் பார்க்க முடியாது. "வேலு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவாள். திரும்பி வரும்போது தொட்டி காலியாக, கழுவித் துடைத்து இருக்கும். என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது கேட்கத் தோன்றியது. ஆனால் ஆராய்ச்சிக்காரி அல்லவா, முதலில் சோதித்துப் பார்த்தாள். வெளுத்த வால்காரனின் டி.என்.ஏ.வையும் பண்ணை மீன்களின் டி.என்.ஏ.வையும் ஜெல் என்ற கூழ்த்தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். புற ஊதா விளக்கின் கீழ் ஒவ்வொரு மீனுக்கும் ஓர் ஏணி மாதிரி கோடுகள் விழும். கூடப்பிறந்த மீன்களுக்குக்கூட எங்காவது ஒரு கோடு இடிக்கும். இங்கே ஒன்றும் இடிக்கவில்லை. சித்திரக்குளத்து மீனும், முன்பு வேலுவிடம் கொல்லக் கொடுத்த ஒரு பண்ணை மீனும் ஒன்றேதான். போதாக்குறைக்கு, மேற்கு மாம்பலத்துக் குளத்திலிருந்து வந்த மீன் ஒன்றும் அப்படியே இன்னொரு பண்ணை மீனோடு பொருந்திக்கொண்டு நின்றது.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவன் குளத்துக்கே போவதில்லை. கொல்லச் சொன்ன மீன்களை வீட்டில் வைத்துக்கொண்டு, குளத்து மீன் என்று திரும்ப நம்மிடமே தள்ளுகிறான். அப்படியென்றால் இதுவரை அவன் கொண்டுவந்ததில் எது நிஜம்? எதை நம்பித் தீசிஸ் எழுதுவது?

சந்தேகம் வந்தபின் எல்லாமே சாட்சி சொல்ல ஆரம்பித்தது. அவன் சிரித்தால் மழுப்புகிறான், சிரிக்காவிட்டால் பயப்படுகிறான். வலை காய்ந்திருந்தால் வீசவே இல்லை, நனைந்திருந்தால் குழாயடியில் நனைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கச்சேரி ரோட்டில் மொபெட்டில் போனபோது அவளே பார்த்தாள். வேலு கையில் மூடிபோட்ட பிளாஸ்டிக் பக்கெட். அவள் வீடு இருக்கிற தெருமுனை.

"இங்க எங்க வேலு?"

"ஒரு ஜோலியா வந்தேன் மேடம்."

பக்கெட்டுக்குள் ஏதோ துள்ளி மூடியில் இடித்தது. அவன் சட்டென்று மூடிமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு குரூர சந்தோஷம்கூட வந்தது. நடுத்தெருவில் எதுவும் பேசாமல் வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை புரொபசர் அறையில் விசாரணை நடந்தது. கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கேள் என்று ஜெயலக்ஷ்மியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இந்த மீனை எங்க பிடிச்சே?"

"சித்ரகொளத்துல மேடம்."

"பண்ணை மீனைக் கொல்லச் சொன்னேனே, கொன்னியா?"

வேலு தரையைப் பார்த்தான். "அல்லாத்தையும் கொல்லல."

"கொல்லாம என்ன பண்ணினே?"

வேலு கையிலிருந்த வலையின் முடிச்சை நெருடினான்.

"யாருக்குக் குடுத்தே? எங்க வெச்சிருக்கே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நான் உங்கள ஏமாத்தல மேடம். அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க. சொல்றதுக்கில்ல."

அதைவிட ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடப் புரொபசர் மனம் இளகியிருப்பார். மௌனம் அவருக்குத் திமிராகப் பட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். வேலு வலையை மடித்துச் சுவரோரம் வைத்தான். வாசல் வரை போனவன் திரும்பி, "தொட்டிக்குத் தண்ணி மாத்தணும் மேடம், மறந்துடாதீங்க" என்றான். நடிப்பைப் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா விஜயலக்ஷ்மியின் முகம் பூரித்திருந்தது. கே.கே. நகர் வரனுக்கு ஜாதகம் பொருந்திவிட்டதாம். ஜெயலக்ஷ்மிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், வேலுவின் திருட்டையும் அவனை நிறுத்தியதையும் ஆத்திரம் தீரச் சொன்னாள். பாதியிலேயே அம்மாவின் கை நின்றுவிட்டது.

"நிறுத்திட்டேளா? அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவான்? திருடன்."

"திருடன்னு சொல்லாதேடி." அம்மாவின் குரல் உடைந்தது. "நான்தான் கேட்டேன். உனக்கு ஒண்ணும் குதிராம தட்டிண்டே போறதேன்னு ஜோசியர்ட்ட போனேன். மூணு குளத்துல மீன் விடச் சொன்னார். கொல்லறதுக்குன்னு இருக்கற உயிரை மீட்டு விட்டா ரொம்ப விசேஷம்னார். நான் மீனுக்கு எங்க போவேன்? நீ மறந்துட்டுப் போன டப்பாவை வாங்க அவன் நம்மாத்துக்கு வந்தானோல்லியோ, அவன்கிட்டச் சொல்லி அழுதேன். கொண்டுவந்து குடுத்தான். ரெண்டு குளத்துல விட்டாச்சு."

"ஏம்மா என்கிட்டச் சொல்லல?"

"பொண்ணுக்குத் தெரிஞ்சா பலிக்காதுன்னார். அவன்கிட்டயும் கபாலி மேல சத்தியம் வாங்கிண்டேன்."

ஜெயலக்ஷ்மி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலு சொன்னது அத்தனையும் நிஜம். சித்திரக்குளத்தில்தான் பிடித்திருக்கிறான், விட்ட மீனே வலையில் விழுந்திருக்கிறது. வலையில் விழுந்ததைக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தான். திருடனாக இருந்தால் அந்த வாலைப் பார்த்ததுமே தூக்கிக் குளத்தில் வீசியிருக்க மாட்டானா? இந்த மீன் குளத்துக்குள் எப்படிப் புகுந்தது என்று ஊரெல்லாம் தேடினாள். தன் வீட்டு வாசல் வழியாகவும் புகுந்திருக்கிறது. அம்மாவின் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை ஆற்றங்கரைக்குப் போனாள். வேலு குடிசை வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவசரமாக வாயைக் கொப்பளித்தான்.

"இன்னா மேடம், இங்க வந்துகீறீங்க?"

"அம்மா எல்லாம் சொல்லிட்டா."

அவன் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கலவரம்.

"அய்ய, இன்னா மேடம் இது. உங்களுக்குத் தெர்ஞ்சா பலிக்காதுன்னுதானே நான் வாயத் தொறக்கல. அப்ப அந்த மாப்ள வூடு இன்னா ஆவறது?"

 இந்த மனிதனின் ஒவ்வொரு அசைவையும் அவள் வேவு பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம், இவன் அவள் கல்யாணத்தை மூடிபோட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

"மாப்பிள்ளை கிடக்கட்டும். நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன் வேலு. சார்கிட்ட விடிஞ்சதும் போன்ல சொல்லியாச்சு. நீ இன்னிக்கே வரணும். நிரந்தரம் பத்தி மட்டும் அவர் ஒண்ணும் சொல்லல. மீனை வெளியில விட்டது தப்புதானேங்கறார்."

"தப்புதான்" என்று வேலு ஒப்புக்கொண்டான். "அம்மா பேரச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவன் உச்சுக்கொட்டினான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே குடிசையோரம் இருந்த நீல ட்ரம்மைக் காட்டினான். "மூணாவது கொளத்துக்குன்னு ஒண்ணு வெச்சிகினு கீறேன். திருவான்மியூருக்கு. அன்னிக்கு நீங்க பாத்துட்டீங்கன்னு அம்மாகிட்ட குடுக்காம திருப்பி எட்த்தாந்துட்டேன். இத்த இன்னா பண்றது?"

எட்டிப் பார்த்தாள். பெரிய கெளுத்தி. அவள் கத்தரித்த வால் இப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது.

"இதை எங்கயும் விடக் கூடாது. கொன்னுடணும்."

"சரி மேடம். நீங்க அந்தாண்ட டீக்கட பக்கம் போய்க் குந்துங்க. நான் பாத்துக்கறேன்."

கால் தன்னால் திரும்பியது. ஓர் அடி வைத்தவள் நின்றாள்.

"இல்ல. இங்கயே இருக்கேன்."

வேலு அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்துவந்து போட்டான். மீன் அவன் கையில் நிற்காமல் வழுக்கியது. ஜெயலக்ஷ்மி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, வாலைப் பிடித்துக்கொண்டாள்.